பத்தொன்பதாம் நம்பர் செத்துப்போகாத காரணம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் தகுதி உள்ளவர்கள் இருபத்திரண்டு பேர். கைராசியை நம்பாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

வெளியில் யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். ஆனால் புது இயந்திரம் வந்து இறங்கினால், பெட்டியின் டேப்பை முதலில் கிழிக்க மூன்றாம் மாடியிலிருந்து அவளைத்தான் கூட்டிவருவார்கள். ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது பொத்தானை அழுத்துவதும் அவள் விரல்தான். ஒரு விஞ்ஞானி மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு நேராக அவளிடம் வந்து, "சும்மா பேச்சுக்கு, நல்லபடியா ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று நின்றதும் உண்டு. எல்லாம் சுத்தமான அறிவியல் அடிப்படையில்தான். அவள் வளர்த்த செல்கள் சாவதில்லை. அதற்குப் புள்ளிவிவரம் இருந்தது.

அவளுக்கு அங்கே ராசிக்கை என்று பேர். செல் வளர்க்கும் அறையின் டெக்னீஷியன். பதினாறு வருஷ சர்வீஸ். அதற்கு முன்னால் ஒரு பால் ஆலையில் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பால் கெட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது வேலை. கெட்டிருக்கிறது என்று அடிக்கடி சொன்னதால் அங்கே அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. இங்கே நேர்முகத் தேர்வில் மூன்றே கேள்வி கேட்டார்கள். நகம் கடிப்பீர்களா? அதிகம் பேசுவீர்களா? அடிக்கடி தும்மல் வருமா? மூன்றுக்கும் இல்லை என்றாள். இரண்டாவது பதில் பொய்.

வேலையில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. திறந்த குப்பிக்கு மேலே கை கொண்டுபோக மாட்டாள். எதைத் தொட்டாலும் முன்னும் பின்னும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். வீட்டில் உப்பு டப்பாவைக்கூட மூடியைக் கீழே வைக்காமல், கையில் பிடித்தபடியேதான் திறப்பாள். பதினாறு வருஷத்தில் அவள் குப்பியில் பூஞ்சணம் பிடித்ததில்லை. ஆக, ராசி என்று ஊரார் சொன்னதில் முக்கால் பங்கு உழைப்பு. மிச்சக் கால் பங்கு என்ன என்பதுதான் இந்தக் கதை.

அவள் வளர்த்தது குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயின் செல்களை. அது லேசான காரியம் இல்லை. உடம்புக்குள் அத்தனை அட்டகாசம் பண்ணுகிறவை, பிளாஸ்டிக் குப்பிக்குள் தனியாக விட்டால் நாலைந்து நாளில் சுருண்டு செத்துப்போகும். எலும்பு மஜ்ஜைக்குள் அவற்றுக்கு ஆள்பலம் உண்டு. சுற்றியிருக்கும் செல்கள் சின்னச் சின்னப் புரத மூலக்கூறுகளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு 'வளரு' என்று அர்த்தம், ஒன்றுக்கு 'சாகாதே', இன்னொன்றுக்கு 'போதும், நிறுத்து'. நோய் எதிர்ப்புச் செல்கள் தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொள்ள உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. சைட்டோகைன் என்பது படித்தவர்கள் வைத்த பேர். காய்ச்சல் வந்தால் படை திரட்டுவதும் இவைதான். ஆனால் ரத்தப் புற்றுநோய்ச் செல்லும் அதே குடும்பத்தில் பிறந்து கெட்டுப்போன பிள்ளைதானே? வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிக்க அதற்கும் தெரியும். 'வளரு' என்று யாருக்கோ எழுதியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். 'நிறுத்து' என்று வந்தால் கண்ணில் படாத மாதிரி இருந்துவிடும். அலுவலகச் சுற்றறிக்கைகளை நாம் படிக்கும் லட்சணம்தான்.

அதனால் குப்பியின் அடியில் முதலில் மஜ்ஜையிலிருந்து எடுத்த துணைச் செல்களைப் பாய் விரித்த மாதிரி வளர்த்து, அதன்மேல் புற்றுநோய்ச் செல்களை விடுவார்கள். துணைச் செல்களுக்கு அவள் வைத்த பேர் ஆயாக்கள். ஆயாக்கள் கசியவிடும் சேதியைக் குடித்துக்கொண்டு கெட்ட பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கும்.

திங்கள், புதன், வெள்ளி தீனி நாள். குப்பிகளில் இருக்கும் பழைய மீடியத்தை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். மீடியம் என்பது ரோஸ் நிறத்தில் இருக்கும் ஊட்டத் திரவம். ஃபிரிட்ஜில் ஜில்லென்று இருக்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும் என்பது எழுதிவைத்த விதி. சுவரில் லேமினேட் பண்ணித் தொங்கியது.

அப்படியிருக்கும்போதுதான் மூன்று வருஷம் முன்பு பத்தொன்பதாம் நம்பர் வந்தது. பக்கத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த செல் சாம்பிள். லேபிளில் நம்பர், தேதி, வயசு நாலு வருஷம் ரெண்டு மாசம். அவ்வளவுதான். யார் பிள்ளை, என்ன ஆச்சு என்று எதுவும் மூன்றாம் மாடிக்கு வருவதில்லை. அவளும் கேட்பதில்லை. கேட்டால் வேலை ஓடாது.

வழக்கப்படி ஒரு பங்கை ஆயாக்களோடு வைத்தாள். ஒரு பங்கைத் தனியாக, எவ்வளவு நாளில் சாகிறது என்று பார்ப்பதற்கு. தனியாக விட்டது சாகவில்லை. பத்து நாள், இருபது நாள், இரண்டு மாசம். குப்பி மாற்றி, குப்பி மாற்றிப் பெருகியது.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். அவரை எல்லோரும் மேடை என்று சொல்வார்கள்; ஒருத்தரோடு பேசினாலும் முந்நூறு பேரோடு பேசுவதுபோலப் பேசுவார். பத்தொன்பதாம் நம்பருக்கு யாருடைய சேதியும் வேண்டாம், அது தற்சார்பு அடைந்த செல் என்று முடிவு கட்டினார். கட்டுரை எழுதினார். பொத்தானை ராசிக்கை அழுத்தினாள். கட்டுரை ஏற்கப்பட்டது. அதற்கப்புறம் பதினோரு நகரங்களில், பதினோரு மேடைகளில், ஒரே படத்தைக் காட்டி ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே பெருமூச்சு விட்டார். அந்தப் படத்தில் இருந்த குப்பியின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புதிதாக ஒரு ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தாள். முப்பது வயசு. சேர்ந்த இரண்டாம் நாளே கேள்வி என்று பேர் வாங்கிவிட்டாள். அவளிடம் பத்தொன்பதாம் நம்பரைக் கொடுத்து, ஆயா இல்லாமல் தனியாக வளர்க்கச் சொன்னார்கள். சுவரில் தொங்கிய விதியை நகல் எடுத்து, கீழ் மாடியில் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு, அங்கிருந்த தொட்டியில் மீடியத்தைச் சூடு பண்ணி வரி வரியாகச் செய்தாள். ஐந்தாம் நாள் எல்லாம் செத்துப்போயின. மறுபடி செய்தாள். நாலாம் நாள். மூன்றாம் முறை ஐந்தாம் நாள்.

"உங்க கை கொஞ்சம் சூடு போல" என்றார் மேடை, இரக்கத்தோடு. அனைத்துலக விருது வாங்கிய விஞ்ஞானி.

வேறொரு நாட்டிலிருந்து ஒரு கூடம் கடிதம் எழுதியது, எங்களுக்கும் சாகிறது என்று. "அவங்க ஊர்த் தண்ணி சரியில்லை" என்றார் மேடை.

கேள்விக்கு இந்த இரண்டு விளக்கமும் போதவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் செல் அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்காம விடப்போறியா என்ன?"

"இந்த அறை வெந்நீர்த் தொட்டியில தண்ணியே இல்லையே."

ராசிக்கை திரும்பிப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் இல்லைதான். அடியில் உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் யாரோ தொலைத்த பேனா மூடி. பார்த்தாலே தெரியும், அது நேற்று வற்றியது இல்லை.

"அப்ப மீடியத்தை எப்படிக்கா சூடு பண்றீங்க?"

"அதுவா..." என்று ஆரம்பித்தவள், ஆரம்பித்த வேகத்திலேயே சொல்லியும் விட்டாள். நேர்முகத் தேர்வில் சொன்ன பொய் அன்றைக்கு வேலையைக் காட்டியது. தீனி நாளில் எல்லாக் குப்பிக்கும் மீடியம் சூடு பண்ணி ஊற்றி முடிக்க நாலரை ஆகிவிடும். பஸ் நாலு பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்தே காலுக்கு, ஒரே கூட்டம். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போக வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறவள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆயா குப்பிகளில் மாற்ற வேண்டிய பழைய மீடியம் இன்குபேட்டரிலேயே கதகதவென்று இருக்கும். எப்படியும் கொட்டப்போகிறதுதானே? அதை மேலாக உறிஞ்சி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புதுசோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஜில்லிப்பு போய்விடும். பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவுகிற மாதிரி.

"எத்தனை நாளாக்கா?"

"ஒரு... நாலு வருஷம் இருக்கும்."

"எல்லாக் குப்பிக்குமா? தனியா வச்ச பத்தொன்பதுக்குமா?"

"அதுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ண முடியுமா?"

கேள்வி காய்ந்த தொட்டியையும் இன்குபேட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஆயாவை வெளிய அனுப்பிட்டோம்னு நினைச்சிட்டு இருக்கோம். நீங்க ஆயா போட்ட சாப்பாட்டைப் பார்சல் கட்டி உள்ள குடுத்துட்டு இருந்திருக்கீங்க. மத்ததெல்லாம் ஆயாவோட ஒட்டிட்டு இருந்தாத்தான் பிழைக்கும், பத்தொன்பதுக்குப் பார்சலே போதும்."

சொன்னதோடு நிற்கவில்லை. வருகிற பதினாலாம் தேதி ஆஸ்பத்திரிக் குழு வருகிறது. நோய் திரும்பி வந்த குழந்தைகளிடம் சோதிக்க ஒரு மருந்து தயாராக இருக்கிறது. 'வளரு' என்கிற அந்தச் சேதி செல்லுக்குள் போகும் வழியை அடைக்கிற மருந்து. மேடையின் கட்டுரையோ, இந்த வகை செல்லுக்குச் சேதியே தேவையில்லை என்கிறது. அது உண்மையானால் வழியை அடைத்து என்ன பிரயோசனம்? இந்த வகைக் குழந்தைகளைச் சோதனையிலிருந்து நீக்கிவிடலாம் என்று குழு அன்றைக்குக் கையெழுத்துப் போடப்போகிறது.

"மருந்து கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா பார்க்காமலே இல்லைன்னு சொல்லப்போறாங்க."

நாலு பத்து பஸ்ஸில் அன்று ராசிக்கைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அவள் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இந்த முறை படிவம் மேடையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வாயைத் திறந்தால் விதியை மீறியவள் என்று வெளியே போக வேண்டும். ஐம்பத்தொரு வயசில், கையில் இருந்த ராசியையும் பறிகொடுத்துவிட்டு. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சில குழந்தைகளுக்கு ஒரு மருந்து வராது. வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு சௌகரியமான குற்றம்!

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நான் மாசா மாசம் கயிறு பார்த்துக் கையெழுத்துப் போடறேன். பார்க்காம போட்டா என்ன ஆகும்?"

"லிஃப்ட் விழும்."

"விழாது. பத்து வருஷத்துக்கு விழாது. எல்லாரும் என்னைப் பெரிய கைராசிக்காரன்னு சொல்லுவாங்க." தண்ணீர் குடித்தார். "அதுதான்மா பயம்."

"அப்ப சொல்லச் சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலை. நாளைக்கு வேலை போனா எம்மேல பழி போடுவே. முப்பது வருஷமா பார்க்கறேன் உன்னை."

மறுநாள் காலை அவளே மேடையின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், தொட்டி, ஆயா, விளாவியது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, இடி விழக் காத்திருந்தாள்.

மேடை சிரித்தார்.

"அம்மா, உட்காருங்க. குழு வருதுன்னு உங்களுக்கு ஒரு படபடப்பு. இயல்புதான்."

"படபடப்பு இல்லை சார். நான் ஊத்தினேன்."

"சரி, ஊத்தினீங்க. ஊத்தினா என்ன? அது கழிவு. பாத்திரம் கழுவின தண்ணியைக் குடிச்சு யாராவது கொழுத்திருக்காங்களா?"

"அதுல ஆயா விட்ட சேதி இருக்குன்னு..."

"யார் சொன்னது, அந்தப் பொண்ணா?" குரல் ஒரு படி ஏறி மறுபடி இறங்கியது. "பாருங்க, மூணு வருஷமா உங்க கையை நான் கூட நின்னு பார்த்திருக்கேன். நீங்க தப்புப் பண்ற ஆளே இல்லை. உங்களுக்கு உங்க மேலயே நம்பிக்கை இல்லைன்னா நான் என்ன பண்றது? ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

மூன்று வருஷத்தில் அவர் செல் அறைக்குள் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் புகைப்படக்காரரோடு.

செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட ஒரு தகுதி வேண்டும்போல. அவள் வெளியே வந்தபோது பயம் போய் எரிச்சல் வந்திருந்தது. பால் ஆலையிலும் இப்படித்தான். கெட்டுப்போச்சு என்று சொன்னால், உன் மூக்கில்தான் கோளாறு என்பார்கள். நேராகக் கேள்வியிடம் போனாள்.

"எனக்கு லீவு குடுத்திருக்காரு. என்ன பண்ணணும் சொல்லு."

"லீவுல இருக்கிறவங்க வீட்டுக்குப் போகணும்க்கா."

"கிண்டல் அப்புறம். குப்பியை எடு."

நாலு குப்பி வைத்தார்கள். எல்லாவற்றிலும் பத்தொன்பதாம் நம்பர், எண்ணி எடுத்த ஒரே அளவு. முதலாவதில் சுவரில் தொங்கும் விதி சொல்கிறபடி, முறையாகச் சூடு பண்ணிய புது மீடியம். இரண்டாவதில் அவள் நாலு வருஷமாகச் செய்தபடி ஆயா மீடியம் பாதி. மூன்றாவதிலும் அதேதான், ஆனால் 'வளரு' என்ற சேதியைப் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும் ஒரு எதிர்ப்புரதத்தையும் சேர்த்துக் கலந்தார்கள். நாலாவதில் ஆயாவும் இல்லை, ஆயாவின் மிச்சமும் இல்லை. புது மீடியத்தில் அந்த ஒரே சேதி மூலக்கூறை மட்டும், கடையில் பொடியாக வாங்கியதைக் கரைத்து ஊற்றினார்கள். எது எது என்பதைக் கேள்வி ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். குப்பிகளின் மேல் சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை என்று டேப் மட்டும்.

பதினாறு வருஷமாகப் பிறருடைய பரிசோதனைகளுக்குக் கை கொடுத்தவள், முதல்முறையாகத் தன் பரிசோதனையைத் தானே செய்தாள். அதுவும் தன் ராசியைத் தானே பொய்யாக்க. வெந்நீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். ஒன்பது நாளும் ஐந்தே கால் பஸ்தான். நின்றுகொண்டே போய், வீட்டில் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கணவரை வேலை வாங்கினாள்.

"லீவுன்னு சொன்னே. ஆபீஸ்ல இருந்தப்பகூட இவ்வளவு நேரம் ஆகலையே?" என்றார் அவர்.

"லீவுன்னாதான் உழைக்க வேண்டியிருக்கு."

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தாள். அத்தனை வருஷம் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு குப்பியில் மண்மாதிரி உதிர்ந்து கிடந்தது. ஊற்றியது அவள்தான் என்பதால் எந்தக் குப்பி என்று அவளுக்குத் தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைராசியை நம்பாத ஒரே ஆள் தான்தான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தாள். அப்படியொன்றும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

பதினாலாம் தேதி குழு வந்தது. மூன்று பேர். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் டாக்டரம்மா ஒருவர், கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு. மற்ற இருவர் தலையாட்டும் அதிகாரம் கொண்டவர்கள். மேடை வழக்கமான இடத்தில் பெருமூச்சு விட்டு முடித்ததும் கேள்வி எழுந்தாள்.

"சார், நேர்லயே காட்டிடலாமே. நாலு குப்பி இருக்கு. நீங்களே எண்ணிச் சொன்னா இவங்களுக்கும் திருப்தியா இருக்கும்."

மேடைக்குப் பார்வையாளர்கள் முன்னால் மறுக்கத் தெரியாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"சிவப்பு... முடிஞ்சுது, எல்லாம் செத்துப்போச்சு. நீலம். ஆகா! இதுதாங்க என் பத்தொன்பது, பாருங்க எப்படி இருக்கு! பச்சை... இதுவும் போச்சு, அங்கங்க நாலு ஒட்டிட்டிருக்கு. வெள்ளை..." நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நீலத்துக்குக் குறைவில்லை. டாக்டர், சொல்லவே வேணாம். நீலமும் வெள்ளையும் நம்ம விதிப்படி வளர்த்தது. எந்தச் சேதியும் இல்லாம தன் கால்ல நிக்குது. சிவப்பும் பச்சையும் அனுபவம் இல்லாத கை பட்டது." கேள்வியைப் பார்த்துப் பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். "கத்துக்குவாங்க."

டாக்டரம்மா உறையைக் கிழித்தார். வாசித்தார். இன்னொரு முறை மனசுக்குள் வாசித்தார்.

"சிவப்புதான் உங்க விதிப்படி செஞ்சதாம்."

டாக்டரம்மாவின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"நீலத்துல துணைச் செல்லோட பழைய மீடியம் இருக்கு. பச்சையிலயும் அதுதான், ஆனா சேதியைத் தடுத்திருக்காங்க. வெள்ளையில சேதியை மட்டும் ஊத்தியிருக்காங்க." தாளை மடித்தார். "அதாவது சேதி இருக்கிற இடத்துல செல் உயிரோட இருக்கு. இல்லாத இடத்துல, தடுத்த இடத்துல, செத்துப்போச்சு. சரிதானே சார்? நீங்கதானே எண்ணினீங்க."

மேடை தண்ணீர் குடித்தார். குடித்து முடிக்க வழக்கத்தைவிட நேரம் ஆனது. பிறகு, இந்தச் சாத்தியத்தைத் தாம் ஆரம்பத்திலேயே ஊகித்திருந்ததாகவும், அறிவியல் என்பதே தன்னைத் திருத்திக்கொள்வதுதான் என்றும் தொடங்கி அழகாகப் பேசினார். பதினோரு நிமிஷம். தலையாட்டிகள் தலையாட்டினார்கள்.

டாக்டரம்மா ஆட்டவில்லை. "பழைய மீடியத்தை ஊத்தினது யாரு?"

"நான்தாங்க" என்றாள் கதவோரம் நின்றிருந்த ராசிக்கை.

"எதுக்கு ஊத்தினீங்க?"

அவள் மேடையைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

தலையாட்டிகளில் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"எங்க வார்டுல இந்த வகையில ஆறு குழந்தைங்க இருக்காங்க. இன்னிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா அந்த ஆறு பேரும் பட்டியல்ல இருந்து போயிருப்பாங்க. நீங்க எப்ப இதைச் சொன்னீங்க?"

"ஒன்பது நாள் முன்னாடி சார்கிட்ட சொன்னேன். லீவு குடுத்தாரு."

கையெழுத்து விழவில்லை. ஆறு பேரும் பட்டியலில் இருந்தார்கள். மருந்து அவர்களுக்குக் கேட்குமா என்பது சோதித்தால்தான் தெரியும். குப்பியில் நடப்பதெல்லாம் குழந்தைக்குள் நடந்துவிடாது என்று டாக்டரம்மா போகும்போது வாசலில் நின்று கேள்வியிடம் சொன்னார். கேள்விக்கு அதிலும் நாலு கேள்வி இருந்தது.

மறுநாள் ராசிக்கைக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, விதி மீறியதற்கு விளக்கம் கேட்டு. இன்னொன்று, விளக்கத்தைப் பொருட்படுத்தாமல் இந்த மாசக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது என்று. நிர்வாகம் வேகமாக வேலை பார்க்கக்கூடியது என்பதை அவள் பதினாறு வருஷத்தில் அன்றுதான் கண்டாள். இருபத்திரண்டு டாக்டர்களும் நடைபாதையில் அவளைக் கண்டதும் செல்ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் இறங்கிய இயந்திரத்தின் பெட்டியை மேடையே கத்தரிக்கோலால் வெட்டினார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. நாலு வருஷமாக அந்த அறையில் வளர்ந்த மற்ற மாதிரிகளின் கதி என்ன? எந்தக் குப்பிக்கு ஆயா மீடியம் போனது, எதற்குப் போகவில்லை? எந்த முடிவை நம்பலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்? நாற்பத்தாறு மாதிரிகள், நாற்பத்தெட்டு மாச நோட்டுகள். நோட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: 'விதிப்படி தீனி கொடுக்கப்பட்டது.' அவள் கையெழுத்து.

ஆக, உண்மை உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. அவள் தலைக்குள். அந்தத் தலையை மாசக் கடைசியோடு வெளியே அனுப்ப நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது.

மேடை அவளை வரச்சொன்னார். இந்த முறை அவர் எழுந்து நின்றார்.

"அம்மா, அந்தக் கடிதம் ஏதோ தவறுதலா வந்திருக்கும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. கணக்கெடுக்கிற வேலை முடியற வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறோம். முடியற வரைக்கும். எவ்வளவு நாள் ஆகும்?"

"பார்த்துத்தான் சொல்லணும் சார். வயசாச்சு, ஞாபகம் முன்ன மாதிரி இல்லை."

செல் அறையில் மேசையைச் சுவரோரம் தள்ளி, நோட்டுகளை அடுக்கினார்கள். கேள்வி பேனாவோடு உட்கார்ந்தாள். ராசிக்கை காலை எதிர் ஸ்டூலில் நீட்டிக்கொண்டாள்.

"முதல் நோட்டு. ஏழாம் நம்பர், திங்கள்."

"ஊத்தினேன்."

"புதன்?"

"அன்னிக்கு மழை. பஸ் வராதுன்னு தெரியும். ஒழுங்கா சூடு பண்ணித்தான் ஊத்தினேன்."

"வெள்ளி?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவள் வார்த்தையை ராசிக்காக இல்லாமல் உண்மைக்காகக் கேட்கிறார்கள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை எந்தச் செருப்பு போட்டிருந்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்த வேகத்துல போனா ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் அவள். "தெரியாததைத் தெரியும்னு எழுதிடாதே. அதுக்குப் பக்கத்துல ஒரு கோடு மட்டும் போட்டு வை."

கேள்வி கோடு போட்டாள்.

"எட்டாம் நம்பர், திங்கள்?"